ஆற்று லயத்துக் காப்பு

குழந்தையின் வயிற்றில் காய்ச்சல் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முதலில் நம் கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த விரல் பட்டால் பிள்ளை வயிற்றை இறுக்கிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொண்டு, பிள்ளையை முழங்கால் மடக்கிப் படுக்க வைத்து, இடது விலா எலும்புக்குக் கீழே விரல்களை மெதுவாக நுழைத்து, மூச்சை இழுக்கச் சொல்ல வேண்டும். மண்ணீரல் வீங்கியிருந்தால் மூச்சோடு சேர்ந்து கீழே இறங்கி விரல் நுனியில் வந்து முட்டும். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு நாய்க்குட்டி மூக்கால் தள்ளுவது போல இருக்கும். இதை எனக்கு ஓர் ஆங்கிலேய டாக்டர் சொல்லிக்கொடுத்தார். நன்றாகக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் யார் வீட்டுப் பிள்ளையையாவது இடுப்பில் தூக்கினால் என் விரல்கள் என்னைக் கேட்காமலேயே அந்த இடத்துக்குப் போய்விடுகின்றன. சில தாய்மார்கள் அதைக் கவனித்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் ஜொகூரில், ரெங்கம் ஸ்டேஷனிலிருந்து உள்ளே, செம்மண் ரோட்டின் கடைசியில் இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் இரண்டு. மேட்டு லயம் ஆபீசுக்கும் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கும் பக்கத்தில், நல்ல காற்று வரும் இடத்தில். ஆற்று லயம் சரிவுக்குக் கீழே. மழைக்காலத்தில் தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். நாங்கள் ஆற்று லயத்துக்காரர்கள். அம்மாவையும் அப்பாவையும் ஒரே மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் கொண்டுபோனது. அக்காதான் என்னை வளர்த்தாள். பால் வெட்டப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். என்னையும் ஒரு மரநிரையில் பால் வெட்ட நிறுத்தலாம் என்று கங்காணி சொன்ன வருஷத்தில், மருந்து கொடுக்க வந்த ஒரு கன்னிகாஸ்திரீயிடம் என்னைக் கையைப் பிடித்து ஒப்படைத்தவளும் அவள்தான். ஜொகூர் பாருவில் அவர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும் படித்தேன். எங்கள் வம்சத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்; பெருமைப்பட வேண்டாம் என்று சொல்கிறவர்கள் யாரும் கைநாட்டு வைக்கும் வீட்டிலிருந்து வந்தவர்கள் இல்லை.

படிப்பு முடிந்து, மேலே நர்ஸ் வேலைக்குப் படிக்கச் சிங்கப்பூரில் இடம் கிடைக்கும் வரைக்கும் ஊரில் இருந்துவிட்டு வரலாம் என்று தோட்டத்துக்குத் திரும்பினேன். அந்தச் சமயத்தில்தான் குளிர்காய்ச்சலை ஆராய இரண்டு டாக்டர்கள் வந்தார்கள்.

ஒருவர் இங்கிலாந்துக்காரர். குட்டையாக, சிவந்த முகத்தோடு, எதையும் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொள்கிறவர். தமிழில் "நாக்கு காட்டு" என்பது மட்டும் சுத்தமாக வரும். இன்னொருவர் ஹாலந்துக்காரர். ஜாவாவில் பல காலம் இருந்தவர், சந்தையில் பேசும் பாசார் மலாய் அவருக்குச் சரளமாக வரும். அவர் மிக உயரம். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வடிகாலில் இறங்கிக் கொசுப்புழுக்களை அகப்பையால் மொள்ளுவார். லயத்துப் பெண்கள் முதல் நாளே அவருக்குக் கொக்கு துரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். கொக்கு நல்ல வேலைக்காரப் பறவை, பொறுமைசாலி என்று சொல்லிச் சிரித்தார்.

ஆஸ்பத்திரிக் கொட்டகையில் ஒரு மேசையும் மைக்ராஸ்கோப்பும் வந்து இறங்கின. பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கவும், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுக்கவும், தாய்மார்களிடம் பேசவும் இங்கிலீஷ் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும். தோட்டத்தில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முதல் நாள் வேலைக்குப் போனபோது, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்ற கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கூட்டத்தில் யாரோ, "டாக்டரம்மா, எனக்கும் ஒரு மாத்திரை" என்றார்கள். அக்கா பால்வாளியைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் முகம் இருந்த மாதிரி அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு இரண்டு நாடுகள் பணம் கொடுத்தன. இங்கிலாந்துக் கணக்கில் கட்டடமும் ஆட்களின் சம்பளமும் கொசுப்புழு சாக வடிகாலில் ஊற்றும் எண்ணெயும். ஹாலந்துக் கணக்கில் கருவிகளும், ஜாவாவில் விளையும் காய்ச்சல் மருந்தான கொய்னாவும், உயரமான டாக்டரின் போக்குவரத்தும். முதல் வருஷத்துக்கு மட்டும் கையெழுத்தாகியிருந்தது. அந்த வருஷத்து வேலையைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் சம்மதித்தால்தான் அடுத்த வருஷம். இதை அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். அவள், ரெண்டு சம்பந்தி சேர்ந்து நடத்துற கல்யாணமாக்கும், பந்தல் செலவு யாருதுன்னு கேக்கறப்ப தெரியும் என்றாள்.

முதல் வருஷத்துத் திட்டம் இதுதான். மேட்டு லயத்தைச் சுற்றி வடிகால்களில் எண்ணெய் ஊற்றுவார்கள். பிள்ளைகளுக்குக் கொய்னா கொடுப்பார்கள். ஆற்று லயத்தில் ஒன்றும் செய்ய மாட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு பலன் என்று தெரியும். காய்ச்சல் கடுமையாகிவிட்ட பிள்ளையை மட்டும் எந்த லயமானாலும் லாரியில் ஏற்றி ரெங்கத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது வருஷத்தில் ஆற்று லயத்துக்கும் எண்ணெய், கொய்னா எல்லாம் உண்டு. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

"அப்ப இந்த வருஷம் எங்களுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "ரெண்டு சட்டியில கஞ்சி வெச்சு, ஒண்ணுல மட்டும் உப்பு போட்டாத்தானே உப்புனால என்ன ருசின்னு தெரியும்?"

"சரி. உப்பில்லாத கஞ்சிய யாரு குடிக்கிறது?"

அவள் மகள் அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு ரப்பர் கொட்டையைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள். நாலு வயசு இருக்கும்.

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. டாக்டர்களுக்கு எங்கள் பிள்ளைகளை அடையாளம் தெரியவில்லை. ஒரு பிள்ளைக்குத் தாய் ஒரு பெயர் சொல்வாள், தகப்பன் வேறு பெயர் சொல்வான். கண்ணேறு படும் என்று பயந்து உண்மைப் பெயரைச் சொல்லாத வீடுகளும் உண்டு. போன வாரம் பார்த்த பிள்ளையா இது என்று தெரியாமல் ஆங்கிலேயர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எண் அடித்த தகரத் துண்டைக் கயிற்றில் கோத்துக் கட்டலாம் என்றார். பெண்கள் மறுத்துவிட்டார்கள். கப்பலில் வந்து இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் அடைத்து வைத்திருந்தபோது அவர்கள் கழுத்தில் தகரம்தான் தொங்கியது. அதைப் பிள்ளைக்குக் கட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

அப்படியானால் எதைக் கட்டினால் சம்மதிப்பீர்கள் என்று கொக்கு துரை மலாயில் அவர்களிடமே கேட்டார். ஆற்று லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் அவளை அத்தை என்போம். அவள்தான், மஞ்சள் நூல் கட்டலாம் என்றாள். அவருக்கு மகிழ்ச்சி. எண் பொறித்த சின்ன எலும்பு மணிகளை வரவழைத்தார். நூலுக்கு மஞ்சள் பூசுவதைப் பெண்களே செய்தார்கள். நிழலும் இடமும் உள்ளது மாரியம்மன் கோயில் வாசல் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் அங்கே கூடினார்கள். நூல் கட்டுவதென்றால் சூடம் கொளுத்தாமல் எப்படி என்று பூசாரி கொளுத்தினார். செருப்பைக் கழற்றச் சொன்னதும் கொக்கு துரை கழற்றினார். முட்டி போட்டு உட்கார்ந்து, ஆற்று லயத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே மணிக்கட்டில் மணியோடு நூலைக் கட்டி முடிச்சுப் போட்டார். அவருடைய விரல்கள் பெரியவை. ஆனால் ஒரு பிள்ளைகூட அழவில்லை. கடைசியில் பூசாரி அவர் நெற்றியிலும் திருநீறு பூசினார். இவ்வளவு ஒத்துழைப்பை ஜாவாவில்கூடத் தான் கண்டதில்லை என்று போகும் வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

சில மாதங்கள் வேலை நன்றாக நடந்தது. மேட்டு லயத்துப் பிள்ளைகளின் வயிறு மெல்ல மெல்ல மெத்தென்று ஆனது. ஆற்று லயத்துப் பிள்ளைகளின் வயிற்றில் கட்டி வளர்ந்தது. கொட்டகை மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது, பலன் தெரிகிறது என்று ஆங்கிலேயர் கையைத் தேய்த்துக்கொண்டார். தெரியத்தான் செய்தது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. இரண்டாவது வருஷத்துப் பணத்தைப் பற்றி இரண்டு நாடுகளும் பேசத் தொடங்கின. நேரில் போய் வாதாடாவிட்டால் ஹாலந்து கையை விரித்துவிடும் என்று கொக்கு துரை ஜாவாவுக்குக் கப்பலேறினார். மழை விடுவதற்குள் வந்துவிடுவேன் என்று பெண்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மழை வந்தது. ஆறு ஏறி, இறங்கி, சரிவெங்கும் குட்டை குட்டையாய்த் தண்ணீரை விட்டுவிட்டுப் போனது. அதன் பிறகு ஆற்று லயத்தில் பிள்ளைகள் விழ ஆரம்பித்தார்கள். இதற்கு முன்பும் காய்ச்சல் வருவதுதான். நடுங்கும், வேர்க்கும், எழுந்து விளையாடும். இந்த முறை வந்தது வேறு. கண் செருகி, பல்லைக் கடித்து, பிள்ளை வில்லாய் வளையும்.

முதலில் அத்தையின் மகன். லாரி வந்து வாசலில் நின்றது. நான் போய் அத்தையிடம் சொன்னேன். அவள் பிள்ளையின் தலையில் ஈரத் துணியை மாற்றிக்கொண்டே, இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம் என்றாள். லாரி காலியாகப் போனது. தாய் மறுத்துவிட்டாள் என்று ஆங்கிலேய டாக்டர் எழுதிக்கொண்டார். கெஞ்சிப் பார்த்தேன், பயமுறுத்திப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளை எதையோ புரியாமல் பேசுகிறது என்பது போலிருந்தது. அந்தப் பையன் மூன்றாம் நாள் காலையில் அடங்கினான்.

அடுத்த வீட்டுப் பெண் பயந்துவிட்டாள். தன் பிள்ளைக்குக் கண் செருகியதும் தானாகவே ஓடிவந்து லாரியில் ஏறினாள். நானும் கூட ஏறினேன். தோட்டத்தின் எல்லையில் ஓர் ஓடை. அதன் மேல் மரப்பாலம். லாரி பாலத்தின் மேல் முன்சக்கரத்தை வைத்ததும் அவள் டிரைவரின் தலைக்கு மேலே தகரத்தைப் படபடவென்று தட்டினாள். வண்டி நின்றது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாகக் குதித்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்த வழியே லயத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். பிள்ளையின் கை அவள் முதுகில் தொங்கி ஆடியது. அந்தக் கையில் மஞ்சள் நூலும் மணியும்.

லாரியில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் அம்மனுக்குக் காப்புக் கட்டினால், அதை அவிழ்க்கும் வரைக்கும் கட்டிக்கொண்டவர் எல்லை தாண்டக் கூடாது. கட்டியவர் கையால்தான் அவிழ்க்க வேண்டும். பெரிய கங்காணிக்கு வெளியூரான சிகாமட்டில் சொந்த அண்ணன் செத்துப்போனார்; கையில் காப்பு இருந்ததால் கொள்ளி வைக்கப் போகவில்லை. யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. மீறினால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வது வழக்கமில்லை. கோயில் வாசலில், சூடத்துக்கு முன்னால், மஞ்சள் நூலை ஒருவர் கட்டினார். அவருக்கு அது எண். தாய்மார்களுக்கு அது காப்பு. நோயைத் தடுக்க அம்மன் பேரில் அந்தத் துரை காப்புக் கட்டியிருக்கிறார், அவர் வந்து அவிழ்க்கும் வரை பிள்ளை எல்லைக்குள்ளே இருந்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள். இதை அவர்கள் தங்களுக்குள்ளே பேசி முடிவு செய்திருக்கவில்லை. பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஓடிப்போய் ஆங்கிலேய டாக்டரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். முகம் வெளுத்துப்போய், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தானே லயத்துக்கு வந்தார். பெண்கள் பிள்ளைகளின் கைகளை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார்கள். கட்டினவர் எங்கே என்று கேட்டார்கள். ஜாவாவிலிருந்த கொக்கு துரைக்கு டாக்டர் தந்தி அடித்தார். நூலை அறுக்கத் தன் முழுச் சம்மதம் என்று பதில் வந்தது. பேச்சு இன்னும் முடியவில்லை, இந்த வாரத்தில் எழுந்து வந்தால் எல்லாமே கெட்டுவிடும் என்றும் அதில் இருந்தது. தந்தியை நான் உரக்கப் படித்துக் காட்டினேன். காகிதமா வந்து காப்ப அவுக்கும் என்றாள் ஒரு கிழவி. அப்படியானால் கொய்னாவையாவது இங்கேயே கொடுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். மறுக்காமல் கொடுத்தார். ஆனால் பல் கிட்டிப்போன பிள்ளையின் தொண்டையில் மாத்திரை இறங்காது. ஊசி போடும் வசதி ஜொகூர் பாருவில்தான் இருந்தது.

அந்த வாரத்தில்தான் அக்காவின் மகள் படுத்தாள்.

அக்காவின் புருஷனான மாமா அப்போது உலு திராம் பக்கம் காடு வெட்டும் கண்டிராக்டில் இருந்தார். வீட்டில் நாங்கள் இருவரும்தான். பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. சாயங்காலத்துக்குள் ஒரு முறை வளைந்து நிமிர்ந்தாள். நான் விலாவுக்குக் கீழே கை வைத்தேன். கட்டி தொப்புள் வரைக்கும் இறங்கியிருந்தது. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

"லாரி நிக்குது. வா" என்றேன்.

"கட்டினவரு வரட்டும்."

"அவர் கப்பலேறி வர்றதுக்குள்ள இவ இருக்க மாட்டா. அத்தை பிள்ளையப் பாத்தியா இல்லையா? அது வெறும் நூலு, அக்கா. கடையில வாங்கின நூலு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அக்கா பிள்ளையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "நீ படிச்சவ. உனக்கு அது நூலு. எல்லையத் தாண்டினதும் இவ போயிட்டா, நீ பொஸ்தகத்துல ஒரு காரணம் பாத்துச் சொல்லுவ. நான் என்னத்தப் பாப்பேன்?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று நினைத்தேன். என்னைப் படிக்க அனுப்பியவள் அவள். அந்தக் கையிலிருந்து என்னால் பிடுங்க முடியவில்லை.

கோயிலுக்குப் போனேன். பூசாரி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். பரீட்சையில் கேள்வி கேட்பது போல நின்றுகொண்டு கேட்டேன்: காப்புக் கட்டினவன் படுத்த படுக்கையாகிவிட்டால், தவிர்க்க முடியாமல் எல்லை தாண்ட வேண்டியிருந்தால், என்ன செய்வது வழக்கம்?

அவர் அவசரப்படாமல் திரியை முறுக்கி முடித்தார். "ஒரு வழி இருக்கு. அதே வீட்டு ரத்தம் ஒண்ணு அதுக்குப் பதிலா நிக்கணும். காப்பு அங்க மாறும். இது போகலாம், அது இங்கயே இருக்கணும், கட்டினவரு வர்ற வரைக்கும்." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "உங்க அக்கா நிக்க முடியாது. பிள்ளையோட போகணும். யாரு நிப்பா?"

சிங்கப்பூரிலிருந்து எனக்குக் கடிதம் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. இடம் கிடைத்துவிட்டது, ஜனவரியில் சேர வேண்டும். அதற்குள் கொக்கு துரை வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் அதைக்கூடச் சரியாகப் போடவில்லை. நான் நிற்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது.

பூசாரி வீட்டுக்கு வந்தார். முடிச்சை அவர் அவிழ்க்கக் கூடாது. பிள்ளையின் கையைப் பிடித்து நூலை மெதுவாகக் கீழே தள்ளினார். முடிச்சு முடிச்சாகவே இருந்தது. நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கட்டிய அன்று அது அந்தக் கைக்கு இறுக்கமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை அவ்வளவு இளைத்துப் போயிருந்தாள். என் மணிக்கட்டுக்கு அந்த நூல் போதாது என்று, இன்னொரு மஞ்சள் நூலை அதில் முடிந்து, என் இடது கையில் கட்டினார். லயத்துப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அத்தையும் நின்றாள்.

லாரியின் பின்னாலேயே பாலம் வரைக்கும் நடந்தேன். அக்கா அந்தப் பெண்ணைப் போலத் தகரத்தைத் தட்டவில்லை. வண்டி பாலத்தைத் தாண்டி வளைவில் மறைந்தது. பாலத்தின் இந்தப் பக்கத்துப் பலகையில் நான் நின்றேன். ஓடை அங்கே ஒரு தாவல் அகலம்தான். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அடுத்த பலகையில் கால் வைக்கவில்லை.

அக்கா செய்ததைப் பார்த்து இன்னும் சிலர் துணிந்தார்கள். பூசாரி வீடு வீடாகப் போய்க் காப்பை மாற்றிக் கொடுத்தார். பாட்டன்களும் மாமன்களும் கையை நீட்டினார்கள். லாரி ஓயாமல் போய்வந்தது. ஆனால் அதற்கு முன்பே செத்துப்போன பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை ஆற்றங்கரை ரப்பர் நிரைகளுக்குப் பின்னால், கையில் நூலும் மணியுமாகவே புதைத்திருந்தோம். குழிக்குள் இறக்கும் முன் ஒரு தகப்பன் அந்த நூலை எடுத்துவிடலாமா என்று கேட்டதும், எடுக்க உரிமையுள்ளவர் இங்கே இல்லை என்று யாரோ பதில் சொன்னதும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அக்காவின் மகள் பிழைத்தாள். தலைமுடியெல்லாம் கொட்டி, குச்சியாய்த் திரும்பி வந்தாள். லாரியிலிருந்து இறங்கியதும் என்னிடம் தாவினாள். அக்கா என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையையா, காப்பையா என்று எனக்குத் தெரியாது.

கொக்கு துரை வரவில்லை. இங்கிலாந்து முதலில் கையெழுத்துப் போட்டால் போடுவோம் என்று ஹாலந்து சொன்னதாம். ஹாலந்து முதலில் போடட்டும் என்று இங்கிலாந்து சொன்னதாம். ஜனவரி பிறக்கும் முன்பு ஆங்கிலேய டாக்டர் மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைத்து வைக்கோல் திணித்தார். பல பிள்ளைகள் நடுவிலேயே வெளியேறிவிட்டதால் ஒப்பீடு நிற்காது என்றார். வெளியேறியவர்கள் என்று அவர் சொன்னதில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் செத்தவர்களும் ஒன்றாக இருந்தார்கள். மிச்சமிருந்த எண்ணெயை ஆற்று லயத்து வடிகால்களில் ஊற்றிவிடச் சொன்னார். ஒரு மழை வரைக்கும்தான் அது நின்றது. என்னைத் தன் காரிலேயே ஜொகூர் பாரு வரைக்கும் கொண்டுபோய்ச் சிங்கப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு.

கட்டியவர் திரும்பி வரப்போவதில்லை என்று நிச்சயமானால், காப்பை ஆற்றில் விட்டுவிடலாம். பூசாரியே சொன்னார். அதற்கும் வழக்கம் இருக்கிறது. பாவம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, கையில் ஒரு சின்னக் கத்தியோடு ஆற்றுக்குப் போனேன்.

அத்தை அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"விட்டுடப் போறியா தாயி?"

"பூசாரி விடலாம்னு சொல்லிட்டாரு அத்தை."

"ஆமா. சொல்லுவாரு. ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீ படிச்சவ, பொய் சொல்ல மாட்ட. அது வெறும் நூலுதானா?"

நான் அக்காவிடம் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு எவ்வளவு சுலபமாக வந்தது. இப்போது அதை இவளிடம் சொன்னால், இவள் மகன் ஒரு கடைநூலுக்காகச் செத்தான் என்று சொன்னதாகிவிடும். லாரி வாசலில் நின்றது, இவள் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அது காப்பாக இருந்தால் இவள் அம்மனை நம்பிக் காத்திருந்த தாய். நூலாக இருந்தால் இவள் யார்?

"இல்ல அத்தை" என்றேன். "காப்புதான்."

அவள் தலையை ஆட்டினாள். மறுபடியும் துணிக்குப் போய்விட்டாள். என்னைப் போகாதே என்று அவள் சொல்லவில்லை. போயிருந்தாலும் தடுத்திருக்க மாட்டாள். ஆனால் நான் பஸ் ஏறினால், காப்பைக் கட்டிக்கொண்ட ஒருத்தி அதைத் தன் வசதிக்கு அறுத்துக்கொண்டு போய் நர்ஸ் ஆகி நன்றாக இருக்கிறாள் என்பது இந்த லயம் முழுவதற்கும் தெரியும். அதற்குப் பிறகு, அது வெறும் நூல்தான் என்று அத்தையிடம் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்காது.

திங்கட்கிழமை கார் வந்து நின்றது. பெட்டியை வீட்டுக்குள்ளே திரும்ப எடுத்து வைத்துவிட்டு வந்து, வரவில்லை என்று சொன்னேன். ஆங்கிலேய டாக்டர் காரணம் கேட்டார். அவருடைய மொழியிலேயே சொல்லிப் பார்த்தேன்; நன்றாகப் படித்த மொழிதான், ஆனால் அன்றைக்கு அது எனக்குப் போதவில்லை. அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்.

இப்போது நான் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறேன். இரண்டு லயத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். அக்காவின் மகள் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் விட உரக்கப் படிக்கிறாள். கன்னிகாஸ்திரீகள் எழுதினார்கள், என் படிப்பு வீணாகிறது என்றார்கள். அடுத்தவர்கள் சொல்லி அதை நான் நம்ப மாட்டேன். ஆனால் மத்தியான நேரத்தில், பிள்ளைகள் கஞ்சி குடிக்கப் போன பிறகு, காலியான கொட்டகையில் சில சமயம் வடிகாலில் யாரோ காலால் தண்ணீரை அளைந்து நடக்கிற சத்தம் கேட்கிறது. உயரமான ஆள் நடக்கிற நடை. எட்டிப் பார்ப்பேன். வெயில்தான் இருக்கும்.

மஞ்சள் நூல் வெகுநாள் தாங்காது. வேர்வையில் நைந்துவிடும். நைந்ததை எனக்கு முன்னால் கவனிப்பது அத்தைதான். வந்து, புதிதாய் மஞ்சள் பூசிய நூலைப் பழைய நூலின்மேல் சுற்றி, எலும்பு மணியைத் துடைத்து நேராக்கி முடிச்சுப் போடுவாள். அவள் விரல்கள் சூடாக இருக்கும். முடிச்சுப் போட்டு முடித்த பிறகும் கொஞ்ச நேரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவளாக விடும் வரைக்கும் நான் கையை இழுத்துக்கொள்வதில்லை.